நைல் கொடுத்ததை அளந்தது யார்?

ஒரு வாசகரின் கேள்வி, 11 ஜூன்

"பள்ளிக்கூடத்தில் படித்தது இது: நைலுக்கு வாய்க்கால் வெட்டவும் கரை கட்டவும் லட்சக்கணக்கான ஆட்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது, அதனால்தான் ஃபாரோ என்கிற ராஜா வந்தான். இணையத்தில் தேடினால் வெள்ளம் தானாக வந்தது, தானாக வடிந்தது, விதையைத் தூவினால் போதும் என்கிறார்கள். தானாக விளையும் நாட்டுக்கு ராஜா எதற்கு? என்னைக் கேட்டால் ஃபாரோ ஒரு ஒட்டுண்ணி. அடிமைகளைச் சவுக்கால் அடித்துப் பிரமிடு கட்டினான், அவ்வளவுதான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்."

11 ஜூன், இரவு

பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி மறுக்கிறேன். முதலில் அந்த வாய்க்கால் கதை. ஆறு பெரிது, நீர்ப்பாசனம் பெரிய வேலை, பெரிய வேலைக்குச் சர்வாதிகாரி தேவை என்ற வாதத்தை 1957இல் கார்ல் விட்ஃபோகல் பிரபலமாக்கினார். நம் பாடப்புத்தகங்களில் இன்னும் அதன் வாடை இருக்கிறது. எகிப்தைப் பொறுத்தவரை அது ஒட்டவில்லை. 1970களில் கார்ல் பட்ஸர் ஆற்றுப் படிவுகளையும் குடியிருப்புகளையும் வைத்து ஆராய்ந்து, அங்கே பாசனம் ஊர் மட்டத்தில், வட்டார மட்டத்தில் நடந்த காரியம் என்று காட்டினார்.

எப்படி நடந்தது என்றால், எத்தியோப்பிய மலைகளில் கோடையில் கொட்டும் மழை ஜூன் மாதம் எகிப்தின் தென்முனையான அஸ்வானில் தெரிய ஆரம்பிக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் உச்சம். ஆற்றங்கரை மேடாகவும் அதற்குப் பின்னால் நிலம் தாழ்வாகவும் இருப்பதால் தண்ணீர் கரையைத் தாண்டிப் பின்பக்கத்துத் தாழ்நிலங்களை நிரப்பும். ஊர்க்காரர்கள் செய்ததெல்லாம் மண்வரப்பு போட்டு அந்தத் தாழ்நிலங்களைத் தடுப்புகளாகப் பிரித்து, ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரைத் தேக்கி வைத்து, மண் நன்றாகக் குடித்ததும் மடையைத் திறந்து கீழ்த்தடுப்புக்கு விடுவது. வண்டல் தங்கிவிடும், உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு விதைப்பு, மார்ச் ஏப்ரலில் அறுவடை. இதற்குத் தலைநகரிலிருந்து உத்தரவு எதுவும் வர வேண்டியதில்லை. பக்கத்து ஊரோடு மடை திறக்கும் நாளைப் பேசி முடித்தால் போதும்.

டைக்ரிஸ், யூப்ரடீஸ் பக்கம் இந்த வசதி இல்லை. அங்கே வெள்ளம் வருவதே ஏப்ரல், மே மாதங்களில், பயிர் கதிர் முற்றி நிற்கும்போது. தண்ணீரை வரவிடாமல் தடுப்பதும் ஒரு வேலை, வறட்சியில் கொண்டுவருவதும் ஒரு வேலை, உப்போடு சண்டை வேறு. எகிப்தியனுக்கு ஆற்றின் காலண்டரும் கோதுமையின் காலண்டரும் ஒன்றாகவே அமைந்தன. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று நான்கு நான்கு மாதமாக மூன்றே பருவம். மாதத்துக்கு 30 நாள், கடைசியில் 5 நாள் சேர்த்து 365. மழை என்ற சொல்லே தேவைப்படாத பஞ்சாங்கம்.

12 ஜூன்

நேற்றைய குறிப்புக்குப் பதிலாக "அப்போ ராஜா வேண்டாதவன்தானே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

வெள்ளத்தில் அரசனுக்கு வேலை இல்லை, சரி. அறுவடைக் களத்தில் இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தண்ணீர் ஊர்க்காரர்களுடையது, விளைந்த தானியத்தை எண்ணுவதும் எடுப்பதும் சேர்ப்பதும் வேறிடத்துக்கு அனுப்புவதும் அரசனுடையது. எகிப்திய அரசு பிறந்தது அங்கேதான்.

அபிடோஸ் இடுகாட்டில் யூ-ஜே என்று எண்ணிடப்பட்ட ஒரு கல்லறை இருக்கிறது. காலம் சுமார் கி.மு. 3200, அதாவது நாடு ஒன்றாவதற்கும் முன்னால். 1988இல் குந்தர் டிரேயர் அதைத் தோண்டினார். உள்ளே தந்தத்திலும் எலும்பிலும் செய்த சின்னச்சின்னச் சீட்டுகள் கிடைத்தன, கட்டிவைக்க மூலையில் துளையோடு. எகிப்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் இவையும் சேர்த்தி. என்ன எழுதியிருக்கிறது? எண்கள், இடங்களைக் காட்டும் குறிகள். பொருள் மூட்டையில் கட்டிய சீட்டுகள். காவியமோ பிரார்த்தனையோ எழுதுவதற்கு முன் அந்த நாட்டில் எழுத்து வரவுக்கணக்கு எழுதியது. எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

அப்புறம் பலெர்மோ கல். ஐந்தாம் வம்சத்தில் தொகுத்த ஆண்டுக்குறிப்பு அது. உடைந்த துண்டுகள்தான் மிச்சம், பெரிய துண்டு சிசிலியில் இருக்கிறது. முதல் வம்சத்து அரசர்கள் தொடங்கி ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு கட்டம். மேலே அந்த வருடம் என்ன விழா, என்ன சிலை, எங்கே படையெடுப்பு என்று இருக்கும். கட்டத்தின் அடியில் அந்த ஆண்டு நைல் எவ்வளவு உயர்ந்தது என்று முழக்கணக்கிலும் விரற்கணக்கிலும் குறித்திருக்கும். இதை ஏன் குறித்தான்? உயரம் தெரிந்தால் எவ்வளவு நிலம் நனைந்தது என்று தெரியும், அது தெரிந்தால் விதைக்கும் முன்பே வரி எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். பிற்காலத்தில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த கணக்கு இன்னும் தெளிவு. 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றால் பசி, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவில் நாலே முழம்!

14 ஜூன்

ஆறு வயலுக்கு மட்டும் என்று நினைத்தால் பாதி விஷயம் போச்சு. ஆறுதான் சாலை.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. வடக்கே போக வேண்டுமா, பாய் இறக்கிவிட்டு நீரோட்டத்தில் போ. தெற்கே போக வேண்டுமா, பாயை விரி. தெற்கே பயணம் என்று எழுத பாய் விரித்த படகையும், வடக்கே பயணம் என்று எழுதப் பாயில்லாத படகையும் வரைந்தார்கள். அஸ்வான் பக்கம் சாயங்காலம் ஃபெலூக்கா படகில் போனபோது இதை என் கண்ணால் பார்த்தேன். படகோட்டி துடுப்பைத் தொடவே இல்லை, நீரோட்டத்துக்கு எதிராகப் படகு சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாய் பிளந்து பார்த்ததைக் கண்டு அவருக்கு ஒரே சிரிப்பு.

இதன் அரசியல் விளைவு என்னவென்று யோசியுங்கள். மக்கள் எல்லோரும் அந்த ஒற்றைக் கோட்டின் இரு கரையிலும்தான் இருக்கிறார்கள். அஸ்வானிலிருந்து கடல்வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆனால் பல இடங்களில் அகலம் சில கிலோமீட்டர்தான். எந்த ஊர்க் களமும் படகுத்துறையிலிருந்து தூரமில்லை. வரி வசூலிப்பவனுக்கு இதைவிட வசதியான நாடு உலகத்தில் வேறு எங்கே?

2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழுவுக்குப் பாப்பிரஸ் சுருள்கள், அதாவது நாணலில் செய்த பழைய காகிதச் சுருள்கள் கிடைத்தன. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழையவை. அதில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. அரசன் குஃபுவின் ஆட்சிக் கடைசி, கிசாவில் அவனுடைய பெரிய பிரமிடு முடிகிற தறுவாய். மெரெர் தன்கீழ் இருந்த சுமார் 40 பேரோடு துரா சுரங்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி ஆற்றின் வழியும் கால்வாய் வழியும் கிசாவுக்குக் கொண்டுவருகிறார். பத்து நாளில் இரண்டு, மூன்று நடை. இன்றைக்குக் கல் ஏற்றினோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், காலையில் புறப்பட்டோம், இப்படியே போகிறது. கூடவே எத்தனை ரொட்டி வந்தது என்ற கணக்கு. வேலை முழுவதையும் மேலிருந்து பார்த்துக்கொண்டவர் அங்க்ஹாஃப், குஃபுவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்.

14 ஜூன், பின்குறிப்பு

சவுக்கடி அடிமைகள் பற்றிக் கேட்டவருக்கு: கிசாவில் தொழிலாளர் ஊரையே தோண்டி எடுத்துவிட்டார்கள். ரொட்டி சுட்ட இடம், மாட்டு எலும்புகள், மலைச்சரிவில் அவர்களுக்கென்று கல்லறைகள், முறிந்து கூடிய கை கால் எலும்புகள். எலும்பு கூடியிருக்கிறது என்றால் யாரோ கட்டுப்போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்குழுக்கள் கல்லில் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்தன, மென்காவ்ரே என்ற அரசனிடம் வேலை பார்த்த ஒரு குழுவின் பெயர் "மென்காவ்ரேயின் குடிகாரர்கள்". விலைக்கு வாங்கிய அடிமைப் படை என்ற சித்திரம் இதில் பொருந்தாது. ஆனால் அடுத்த குறிப்பையும் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

17 ஜூன்

கூலி கொடுத்தார்கள் என்பதால் விருப்பத்தோடு வந்தார்கள் என்று ஆகிவிடாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிமைக் கதையை மறுக்கிற உற்சாகத்தில் பலர் எகிப்தைச் சொர்க்கமாக்கிவிடுகிறார்கள்.

அரசு கூப்பிட்டால் போக வேண்டும். கட்டாய உழைப்பு. போகாவிட்டால்? கிழக்கிலும் மேற்கிலும் பாலைவனம், தெற்கே பாறைகள் நிறைந்த அருவித்தொடர். வெளியிலிருந்து எதிரி எளிதில் வர முடியாது என்று இந்தப் பாலைவனத்தை எல்லோரும் புகழ்கிறோம். உள்ளே இருப்பவனும் எளிதில் வெளியே போக முடியாது என்பது அதன் மறுபக்கம். மலைநாட்டில் வரிக்குப் பயந்தவன் காட்டுக்குள் போய்ப் பிழைத்துக்கொள்வான். நைல்கரைக் குடியானவனுக்குப் பயிர் முடிகிற இடத்தில் மணல்.

எகிப்து வரலாற்றில் பழைய, மத்திய, புதிய அரசு என்று மூன்று காலங்களைப் பிரிப்பார்கள். அதில் நடுவிலுள்ள மத்திய அரசுக் காலத்து ஒரு பாப்பிரஸ் இப்போது புரூக்ளினில் இருக்கிறது. மூன்றாம் அமெனெம்ஹாத் என்ற அரசன் காலத்தில் கட்டாய வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பட்டியல் அது. ஓடினவன் கிடைக்காவிட்டால் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவன் திரும்பியதும் குடும்பத்தை விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, வழக்கு முடிந்ததா என்ற குறிப்பு. படிக்கும்போது கை நடுங்குகிறது.

அமர்னாவில் அரசன் அக்னாதனின் புதுத் தலைநகரைக் கட்டிய சாதாரண மக்களின் இடுகாடும் அப்படித்தான். கோவில் சுவரில் பலிபீடம் கொள்ளாத உணவு வரைந்திருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைத்த எலும்புகளில் சத்துக்குறைவும், இள வயதிலேயே சுமை தூக்கி நொறுங்கிய முதுகெலும்பும்.

17 ஜூன், இரவு

கட்டாய வேலை அவர்கள் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு உஷப்தி பொம்மைகளைப் பாருங்கள். செத்த பிறகு மறுவுலகிலும் ஆள் கூப்பிடுவார்களாம், வயலைத் திருத்து, கரையில் நீர் பாய்ச்சு, மணலைக் கிழக்கிலிருந்து மேற்கே சும என்று. அப்போது "இதோ இருக்கிறேன்" என்று நமக்குப் பதிலாக எழுந்து போகத்தான் அந்தப் பொம்மை. துட்டன்காமுன் கல்லறையில் 413 இருந்தன, நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், மற்றவை மேஸ்திரிகள். அரசனுக்கே மாற்றாள் தேவைப்படுகிறது என்றால் சொர்க்கம்கூட அவர்களுக்கு வெள்ளமும் வரப்பும் மேஸ்திரியும் உள்ள நைல்கரையாகவே தோன்றியிருக்கிறது.

19 ஜூன்

லக்சரின் மேற்குக் கரையில் மென்னா என்பவனின் கல்லறை இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அரசர் பள்ளத்தாக்குக்கு ஓடிவிடுவதால் இங்கே கூட்டம் குறைவு. நான் போனபோது காவலாளி கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிச் சுவரில் அடித்துக் காட்டினார், அந்த வெளிச்சத்தில்தான் அதிக நேரம் பார்த்தேன்.

மென்னா அரசனின் வயல்களுக்குக் கணக்கர். அமர்ந்திருக்கும் அவன் முன்னால் அந்த வேலை முழுவதும் ஓடுகிறது. ஒரு வரிசையில் முடிச்சுப்போட்ட கயிற்றை நீட்டி, நின்ற பயிரை அளக்கிறார்கள். களத்தில் குவித்த தானியத்தை மரக்காலால் அள்ளுகிறார்கள், சுற்றிக் கணக்கர்கள் எழுதுகிறார்கள். ஒருவனைக் கீழே தள்ளிக் கோலால் அடிக்கிறார்கள், பக்கத்தில் ஒருவன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். வரி பாக்கி. அதே சுவரில் கதிர் பொறுக்க வந்த இரண்டு சிறுமிகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்துச் சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு சிறுமி இன்னொருத்தி காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பிற்பாடு யாரோ உள்ளே புகுந்து மென்னாவின் கண்களைக் கவனமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். முகத்தின் மற்ற பகுதிகளைவிட்டுக் கண்ணை மட்டும்.

இங்கே கேள்வி கேட்டவர் சவுக்கு என்றார். கோல் இருந்தது, உண்மை. ஆனால் அந்தச் சுவரில் கோலுக்கு ஒரு இடம், கயிற்றுக்கும் மரக்காலுக்கும் எழுதுகோலுக்கும் பத்து இடம். ஆட்சி நடந்தது அந்தப் பத்தால்.

21 ஜூன்

ஃபயூம் பற்றி ஒருவர் சரியாகவே கேட்டார்: அரசன் நீரைத் தொடவே இல்லையா? தொட்டான். கெய்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள அந்தப் பள்ளத்துக்கு நைலின் ஒரு கிளை போகிறது. 12ஆம் வம்சத்து அரசர்கள், முக்கியமாக மூன்றாம் அமெனெம்ஹாத், அந்த நீர்வழியைத் திருத்திப் புது நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் இது கி.மு. 19ஆம் நூற்றாண்டு, பெரிய பிரமிடு கட்டி 700 வருடம் ஆகிவிட்டது. தண்ணீர் இறைக்கும் ஷாதூஃப், அதாவது நம் ஊர் ஏற்றம், படங்களில் வருவது அதற்கும் பிறகு, புதிய அரசுக் காலத்தில், அதுவும் பெரும்பாலும் தோட்டத்துக்கு. அரசு முதலில், பெரிய நீர்ப்பணி பின்னால். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

22 ஜூன்

சரி, எடுத்துக்கொண்ட தானியத்துக்கு அரசன் என்ன திருப்பிக் கொடுத்தான்? இதுதான் எனக்கு இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

மாஅத் என்றார்கள். ஒழுங்கு, நியாயம், உண்மை எல்லாம் சேர்ந்தது. அரசன் மாஅத்தைக் காப்பான், அதனால் வெள்ளம் அளவோடு வரும், எளியவனை வலியவன் பறிக்க மாட்டான், பசித்தவனுக்குக் களஞ்சியம் திறக்கும். வெறும் பிரச்சாரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் மக்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, நிறைவேறாதபோது கேட்டார்கள். கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது.

தெய்ர் எல் மெதினா. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டிய கைவினைஞர்களின் ஊர். மலைமடிப்புக்குள் இருக்கிறது, பயிர் பச்சை அங்கிருந்து தெரியாது. ஊரில் கிணறு கிடையாது, ஆழமாகத் தோண்டியும் தண்ணீர் வரவில்லை. குடிதண்ணீர் கழுதைமேல் பள்ளத்தாக்கிலிருந்து வரவேண்டும். நான் நடுப்பகலில் அந்த வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நின்றேன், கையில் இருந்த தண்ணீர் தீர்ந்ததும் முதலில் தோன்றியது, இந்த ஊர் ஒரு வாரம்கூட அரசனில்லாமல் தாங்காது என்பதுதான். கோதுமை, பார்லி, மீன், காய்கறி, விறகு எல்லாம் அரசு அனுப்பினால் உண்டு. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. அவர்கள் மூட்டை சுமார் 77 லிட்டர். நாணயம் கிடையாது, தானியம்தான் சம்பளம்.

மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சம்பளம் வரவில்லை. கணக்கர் அமென்நக்த் எழுதிவைத்த பாப்பிரஸ் இன்று டூரினில் இருக்கிறது. பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் இடுகாட்டின் ஐந்து காவல்சுவர்களையும் தாண்டி வெளியே வந்து, மூன்றாம் துத்மோசின் கோவிலுக்குப் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டாம் ராமேசஸின் கோவிலான ராமேசியம்வரை போனார்கள். அங்கே சொன்னது: பசியாலும் தாகத்தாலும் இங்கே வந்தோம், உடுத்தத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, எங்கள் நல்ல தலைவர் ஃபாரோவுக்கு எழுதுங்கள், மேலதிகாரியான அமைச்சருக்கும் எழுதுங்கள்.

உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் உட்கார்ந்த இடம். கோவில் என்றால் களஞ்சியம். ராமேசியத்தின் பின்னால் செங்கல் வளைவுக்கூரையோடு தானியக் கிடங்குகளின் வரிசை இன்றும் நிற்கிறது. சோறு எங்கே அடைந்து கிடக்கிறது என்று தெரிந்து, அதன் வாசலில் உட்கார்ந்தார்கள்.

23 ஜூன்

"ஃபாரோவைக் கடவுள் என்று நம்பினவர்கள் எப்படிக் கேள்வி கேட்டார்கள்?" என்று ஒருவர். கடவுள் என்பதால்தான் கேட்டார்கள். கடவுளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

24 ஜூன்

அரசனே இல்லாமல் போனபோது என்ன ஆயிற்று என்பதும் எழுத்தில் இருக்கிறது. கி.மு. 2200ஐ ஒட்டி வெள்ளம் குறைந்தது, பழைய அரசு அதே காலத்தில் சிதறியது. வெள்ளம் மட்டும் காரணமென்று நான் சொல்லமாட்டேன், வட்டார அதிகாரிகள் ஏற்கனவே வலுத்துவிட்டிருந்தார்கள். அப்படி ஒருவன் அங்க்திஃபி, லக்சருக்குத் தெற்கே மோஅல்லாவில் கல்லறை. சுவரில் எழுதிக்கொள்கிறான்: தெற்கு நாடு முழுவதும் பசியால் சாகிறது, மக்கள் தங்கள் பிள்ளைகளையே தின்கிறார்கள், என் வட்டாரத்தில் நான் யாரையும் பசியால் சாகவிடவில்லை. தற்பெருமைதான், மிகைதான். ஆனால் எதைப் பெருமையாகச் சொல்கிறான் பாருங்கள். பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன், துணியில்லாதவனுக்குத் துணி கொடுத்தேன் என்கிறான். அரசன் போனாலும் அரசனின் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

27 ஜூன்

தெய்ர் எல் மெதினாக்காரர்கள் ஜெயித்தார்களா என்று நிறையப் பேர் கேட்டதால் இது. முந்தின மாதப் பாக்கி கைக்கு வந்தது. பிறகு மறுபடி தாமதம், மறுபடி வெளியே வந்தார்கள். ஒரு கட்டத்தில் அமைச்சர் சொல்லி அனுப்பினார், களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை, கிடைத்ததைத் தருகிறேன் என்று. தந்தது பாதி.

அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் தானிய விலை ஏறியது, கல்லறைக் கொள்ளை பெருகியது. ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆண்டில் அமென்பனுஃபர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. கூட்டாளிகளோடு அரசன் சோபெகெம்சாஃபின் கல்லறையைத் துளைத்து உள்ளே போய், மம்மிமேல் இருந்த தங்கத்தை எடுத்து, சவப்பெட்டிகளை எரித்தார்கள். கிடைத்தது 160 தெபென் தங்கம் (தெபென் அவர்கள் எடை அளவு), எட்டுப் பேருக்கு ஆளுக்கு 20. பிடிபட்டதும் அவன் தன் 20 தெபெனையும் துறைமுகத்துக் கணக்கரிடம் கொடுத்தான். கணக்கர் விட்டுவிட்டார். திரும்பிவந்தவனுக்குக் கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து ஈடுகட்டினார்கள். மறுபடி கொள்ளைக்குப் போனார்கள். தீபெஸ்காரர்கள் (இன்றைய லக்சர்தான் தீபெஸ்) பலரும் இதைத்தான் செய்கிறார்கள் என்று விசாரணையில் அவனே சொல்லியிருக்கிறான்.